விடியற்காலைப் பயணத்துக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: ஒரு மதிப்பீடு

வார இறுதியில் பொழுது விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, போக்குவரத்து சேர்வதற்குள் நகர எல்லையைக் கடந்து, வயல்வெளிச் சாலைகளில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதற்காகவே மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் பலர். அவர்களுக்கு வழக்கமான மதிப்பீடுகள் பெரிதாக உதவுவதில்லை. ஒரு வண்டி எத்தனை வினாடிகளில் நூறைத் தொடுகிறது, அதன் உச்ச வேகம் என்ன என்பவை இந்தப் பயணத்தில் எழாத கேள்விகள். உறங்கும் தெருவைச் சத்தமில்லாமல் கடக்க முடிகிறதா, இருட்டில் சாலை தெளிவாகத் தெரிகிறதா, குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் இடுப்பு தாங்குகிறதா, ஆளரவமற்ற இடத்தில் டயர் பஞ்சரானால் வீடு திரும்ப வழி இருக்கிறதா என்பவைதான் இங்கே எழும் கேள்விகள். 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய எஞ்சினோடும் புதிய சட்டகத்தோடும் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ இந்த ஒரு நோக்கத்தை மட்டும் மனத்தில் வைத்து இங்கே எடைபோடுகிறேன். தினசரி அலுவலகம் சென்றுவருவதற்கோ நெடுந்தூரச் சுற்றுலாவுக்கோ இது பொருந்துமா என்பது வேறு விஷயம்.

முதலில் எஞ்சின். 349 சி.சி. கொள்ளளவு கொண்ட, காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இது. நிமிடத்துக்கு 6,100 சுழற்சியில் 20.2 குதிரைத்திறனையும் 4,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையையும் தருகிறது. திறனைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இவ்வளவுதானா என்று கேட்பார்கள். கவனிக்க வேண்டியது வேறு இரண்டு எண்களை: சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 85.8 மில்லிமீட்டர். விட்டத்தைவிடப் பயணம் இவ்வளவு கூடுதலாக இருக்கும் எஞ்சின், குறைந்த சுழற்சியிலேயே வண்டியை இழுத்துச் செல்லும். விடியற்காலையில் தெருமுனை வரை ஆக்ஸிலரேட்டரை அதிகம் முறுக்காமல் இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போவதற்கும், ஊரைத் தாண்டிய பிறகு ஐந்தாவது கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே கியரைக் குறைக்காமல் ஒரு மேட்டை ஏறுவதற்கும் காரணம் இதுதான்.

நிறுவனம் பொருத்திக் கொடுக்கும் சைலென்சரின் ஒலி கனமானது, ஆனால் உரத்ததல்ல. அதைக் கழற்றிவிட்டு இரைச்சலான ஒன்றை மாட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்குகிறவர்களின் தெரு வழியாகத்தான் நாம் கிளம்புகிறோம். அவர்களை எழுப்பாமல் போக முடிவது இந்த வண்டியின் முக்கியமான நற்குணங்களில் ஒன்று. அதைக் கைவிடக் கூடாது.

எரிபொருள் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் குளிர்ந்த காலையிலும் சோக் இழுக்கும் வேலை இல்லை. பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் உயிர்பெறுகிறது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றவும் தேவையில்லை. அரை நிமிடம் போதும். அதன் பிறகு முதல் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டினால் எண்ணெய் தானாகவே சூடேறிவிடும். டயர்களும் அப்போது குளிர்ந்துதான் இருக்கின்றன என்பதால், இந்த நிதானம் அவற்றுக்கும் நல்லது. காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதற்கு ஏற்ற நேரமும் கிளம்பும் முன்தான். ஓட்டிய பிறகு டயர் சூடாகி அழுத்தம் கூடிவிடுவதால் அப்போது பார்க்கும் அளவு நம்மை ஏமாற்றும்.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டியை எடுப்பவர்கள் கருத வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் தலைமுறை கிளாசிக்கில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் கிடையாது. பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் நம்ப முடியாது. ஏனென்றால் பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரமோ இருப்பிடம் காட்டும் கருவியோ இருந்தால், வண்டி நிற்கும்போதும் அது சிறிது சிறிதாகப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான்கைந்து வாரம் தொடர்ந்து எடுக்க முடியாத நிலை வந்தால் பேட்டரியின் எதிர்மின்முனை (நெகட்டிவ்) இணைப்பைக் கழற்றிவைப்பதோ பராமரிப்பு சார்ஜரில் போட்டுவைப்பதோ நல்லது. இது எல்லா நவீன வண்டிகளுக்கும் பொருந்தும் என்றாலும், கிளாசிக் என்ற பெயரைப் பார்த்துப் பழைய வண்டியின் கிக்கரை எதிர்பார்ப்பவர்கள் பலர் என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருவிளக்குகள் முடிகிற இடத்தில்தான் வண்டிக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நாம் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 22 மீட்டர் முன்னேறுகிறோம். எதிரே எதையோ கண்டு, அது என்ன என்று உணர்ந்து, பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்கு ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொண்டால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க மேலும் 35 மீட்டராவது வேண்டும். அதாவது 70 மீட்டருக்கு அப்பால் கிடக்கும் குழியோ படுத்திருக்கும் மாடோ நம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 45 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வேகத்தை நாலில் ஒரு பங்கு குறைத்தால் நிற்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் 2021இல் வந்த கிளாசிக்கின் ஹாலோஜன் முகப்பு விளக்கை நான் சுமார் என்றுதான் சொல்வேன். அதன் மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதமானது. ஆனால் லோ பீமில் சாலையோரம் சரியாகத் தெரிவதில்லை. மண் விளிம்பிலிருந்து ஒரு நாய் எழுந்து வருவதை அது சாலைக்குள் வந்த பிறகுதான் பார்க்க முடிகிறது. 2024இல் செய்த மாற்றத்தில் முகப்பு விளக்கும் அதன் இருபுறமும் உள்ள சிறு விளக்குகளும் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. இந்தப் பயணத்துக்கென்று வண்டி வாங்குகிறவர்களுக்கு, அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட கியர் காட்டியைவிடவும் டைப் சி சார்ஜிங் வசதியைவிடவும் விளக்கில் செய்த இந்த ஒரு மாற்றமே மதிப்பு மிக்கது. பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் முகப்பு விளக்கின் சாய்வைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முழுதாக வெளுக்கும் வரை அறுபதைத் தாண்டாமல் ஓட்டினால் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூடுபனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேகமில்லாத, காற்றசைவில்லாத இரவுக்குப் பிறகு குளிர்ந்த காற்று பள்ளமான இடங்களில் தேங்கி நிற்கும். சாலை ஓர் ஓடைப் பாலத்தை நோக்கி இறங்கும்போது முதலில் முழங்கால்களில் சட்டென்று குளிர் ஏறும். அடுத்த சில மீட்டர்களில் ஹெல்மெட் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் படியும். அதன் பிறகுதான் வெண்படலம் கண்ணில் படும். குளிரை உணர்ந்த கணத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அந்த இடத்தில் ஹை பீம் போட்டால் பனித்துளிகளில் பட்டு ஒளி நம் முகத்துக்கே திரும்பி வரும் என்பதால் லோ பீமே சரி. முன்னால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லாத வண்டி என்பதால் கிளாசிக்கில் இந்தக் குளிரும் ஈரமும் முழுவதுமாக நெஞ்சில் வந்து மோதுகின்றன. காற்றுத்தடுப்புக் கண்ணாடியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, கழுத்துவரை மூடும் மேலங்கியும் கையுறையும் போதுமானவையாக இருந்தன.

வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் விடியற்காலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கிழக்கு நோக்கி ஓட்டினால் ஒளி நேராகக் கண்ணில் பாய்ந்து, சாலையில் இருக்கும் குழியும் கல்லும் தெரியாமல் போகும். மேற்கு நோக்கிப் போனால் வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து விழுவதால் நமக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், ஆனால் எதிரே வருபவருக்கு நம்மைத் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே நகரத்துக்கு மேற்கே, வடமேற்கே, தென்மேற்கே உள்ள வழிகளைக் காலையில் பிடித்துவிட்டு, சூரியன் மேலேறிய பிறகு கிழக்கு நோக்கித் திரும்புவது கண்ணுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

பெருஞ்சாலையில் கிளாசிக்கின் இயல்பு என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுபதிலிருந்து எண்பத்தைந்து வரை அது நிம்மதியாகப் போகிறது. அந்த வேகத்தில் எஞ்சினின் துடிப்பு காலடியில் தெரிகிறதே தவிர அதிர்வு கைக்கு ஏறுவதில்லை. பழைய 346 சி.சி. எஞ்சினில் இல்லாத, அதிர்வைச் சமன்செய்யும் தண்டு இதில் சேர்க்கப்பட்டிருப்பதும், ஒற்றைக் குழாயாக இறங்கிய பழைய சட்டகத்துக்குப் பதிலாக இரட்டைக் குழாய்ச் சட்டகம் வந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் கலங்காமல் தெரிகிறது. பழைய கிளாசிக்கை ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று புரியும். தொண்ணூறைத் தாண்டியதும் ஓட்டத்தில் உழைப்பு தெரிய ஆரம்பிக்கிறது, நூறுக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவது வண்டிக்கும் நமக்கும் சுகமாக இல்லை. வேகமாக வந்து முந்த முயலும் வாகனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கத் தயங்காதவர்களுக்கே இந்த வண்டி. விடியற்காலைப் பயணத்தில் பெருஞ்சாலை என்பது நகரத்தைவிட்டு வெளியேறுவதற்கான வழி மட்டுமே என்பதால், இதை நான் குறையாகக் கருதவில்லை.

கிளைச்சாலையில் திரும்பியதும் வண்டியின் சிறப்பு முழுமையாக வெளிப்படுகிறது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம், இருபுறமும் பயிர், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை, அவ்வப்போது எதிரே வரும் டிராக்டர், அதன் சக்கரங்கள் வயலிலிருந்து இழுத்துவந்து தாரில் அப்பிவிட்டுப் போன ஈரச் சேறு. இத்தகைய சாலையில் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வேகமே நியாயமானது. பல வண்டிகளில் அந்த வேகத்தில் ஓயாமல் கியரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கிளாசிக்கில் நான்காவது கியரில் போட்டுவிட்டால் ஆக்ஸிலரேட்டரைத் திறந்தும் மூடியுமே மைல் கணக்கில் போகலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதால் பிரேக்கைத் தொட வேண்டிய தருணங்களும் குறைவு. மனம் கியரிலிருந்து விடுபட்டுச் சாலையிலும் சுற்றுப்புறத்திலும் நிலைக்கிறது. இதற்காகத்தானே இவ்வளவு சீக்கிரம் எழுந்து வருகிறோம்!

முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். சிறிய சக்கரம் விழுந்து எழும் பள்ளத்தை இவை உருண்டு கடந்துவிடுகின்றன. தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் உயரமான வேகத்தடைகளிலும் அடி தட்டுவதில்லை. முன்புறச் சஸ்பென்ஷன் மென்மையாகவும் நிதானமாகவும் வேலை செய்கிறது. பின்புறத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. தனியாக ஓட்டும்போது கூர்மையான விளிம்புள்ள குழியில் இறங்கினால் அந்த அடி முதுகுத்தண்டு வரை வந்து சேர்கிறது. பின்புற ஷாக் அப்சார்பர்களில் இறுக்கத்தை ஆறு படிகளில் மாற்றிக்கொள்ள முடியும். ஒருவர் மட்டும் போகும்போது அதை மிகக் குறைந்த படிக்குக் கொண்டுவருவது ஓரளவு உதவுகிறது. குழியைத் தவிர்க்க முடியாதபோது இருக்கையிலிருந்து சற்று எழுந்து கால்களில் எடையைத் தாங்கிக்கொள்வதே முழுத் தீர்வு. இருக்கை அகலமானது, மெத்தையும் தாராளம். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மரத்தடியில் நிறுத்தி இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றும், அவ்வளவுதான்.

பிரேக்குகளைப் பொறுத்தவரை முன்னால் 300 மில்லிமீட்டர், பின்னால் 270 மில்லிமீட்டர் தட்டு கொண்ட, இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் வசதி) உள்ள வகையையே வாங்க வேண்டும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். வசதியும் உள்ள மலிவு வகை ஒன்றும் இருக்கிறது. பனியில் நனைந்த சாலையில், அதன் மேல் ஜல்லி சிதறிக் கிடக்கும் திருப்பத்தில், பின்சக்கரம் இறுகிச் சறுக்குவதற்கு நல்ல வாய்ப்பிருக்கும்போது இந்தச் சிக்கனம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நின்று யோசிக்க வேண்டியது சக்கரத்தைப் பற்றி. கிளாசிக்கின் பெரும்பாலான வகைகளில் ஸ்போக்ஸ் சக்கரமும் டியூப் உள்ள டயரும் வருகின்றன. பார்க்க மிகவும் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று சில நொடிகளில் இறங்கிவிடலாம். அதைச் சரிசெய்ய சக்கரத்தைக் கழற்றி, டயரை விளிம்பிலிருந்து நெம்பி, டியூப்பை வெளியே எடுத்து ஒட்ட வேண்டும். 195 கிலோ எடையுள்ள வண்டியின் பின்சக்கரத்தைச் சாலையோரத்தில் தனியொருவர் கழற்றி மாட்டுவது எளிதல்ல. விடுமுறை நாளின் அதிகாலையில், அருகில் ஊரே இல்லாத இடத்தில், பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. டியூப் இல்லாத டயராக இருந்தால் ஆணியைப் பிடுங்கிவிட்டு, துளையை ரம்பக் கம்பியால் சுத்தம் செய்து, பிசின் தடவிய ரப்பர் திரியைச் செருகி, கையடக்கக் காற்றடிப்பானால் காற்று நிரப்பி, கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் கிளாசிக்கின் டார்க் வரிசையில் கிடைக்கின்றன. தோற்றத்தில் பழைமை கொஞ்சம் குறைந்தாலும், இந்தப் பயணத்துக்கென்று வாங்குகிறவர்கள் தயங்காமல் அதையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரும்பும் நேரம்தான் இந்த வண்டி கொஞ்சம் பாரமாகிற நேரம். வெயில் ஏறி, நகரத்தின் சிக்னல்கள் தொடங்கி, ஓட்டுபவருக்கும் களைப்பு சேர்ந்திருக்கும்போது 195 கிலோவும் உணரப்படுகிறது. கிளட்ச் இலகுவாக இருப்பதால் கை வலிப்பதில்லை. ஆனால் காற்றால் குளிரும் எஞ்சின் நின்று நின்று போகும்போது வெப்பத்தைக் கால்பக்கம் தள்ளுகிறது. இருக்கையின் உயரம் 805 மில்லிமீட்டர். இரு பாதங்களையும் முழுதாக ஊன்ற முடியாதவர்கள் சரிவான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது சிரமப்படுவார்கள் என்பதால், வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதோடு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னோக்கித் தள்ளியும் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் கவலை கிட்டத்தட்ட இல்லை. 13 லிட்டர் டேங்க். எழுபது எண்பது வேகத்தில் நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் கிடைக்கிறது என்பதால், முதல் நாள் மாலையே நிரப்பிவைத்தால் காலைப் பயணத்துக்குப் போதும், மீதியும் இருக்கும்.

வேறு எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு முதலில் அதே நிறுவனத்தின் மீட்டியார் 350ஐச் சொல்வேன். 2020 நவம்பரில் இதே எஞ்சினோடு முதலில் வந்த வண்டி அதுதான். இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர், டேங்க் 15 லிட்டர், அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் உண்டு. உயரம் குறைந்தவர்களுக்கு மிகப் பொருத்தம். ஆனால் கால்களை முன்னால் நீட்டி அமரும் அமைப்பு என்பதால், குழி வந்தால் எழுந்து நின்று கடக்க முடிவதில்லை. ஹோண்டாவின் ஹைனஸ் சி.பி. 350 எடையில் 181 கிலோதான், 3,000 சுழற்சியிலேயே 30 நியூட்டன் மீட்டர் விசை, பின்சக்கரம் வழுக்காமல் கட்டுப்படுத்தும் வசதியும் உண்டு. ஈரச் சாலையை அஞ்சுபவர்கள் அதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ராயல் என்ஃபீல்டின் ஹன்டர் 350 நகருக்குள் துடிப்பானது. அதன் 17 அங்குலச் சக்கரங்களும் இறுக்கமான பின்புறமும் உடைந்த சாலையில் கிளாசிக் தரும் நிதானத்தைத் தருவதில்லை.

பழைய வண்டியாக வாங்க நினைப்பவர்கள் 2021க்கும் 2024க்கும் இடைப்பட்ட டார்க் வரிசை வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விளக்கின் குறையை மேலே சொன்னபடி சமாளித்துக்கொள்ள முடியும், சக்கரத்தின் குறையைப் பின்னால் சரிசெய்வது செலவும் அலைச்சலும் பிடித்த வேலை. பார்க்கப் போகும்போது செயினைத் தொட்டுப் பாருங்கள். வார இறுதியில் மட்டும் ஓடிய வண்டிகளில் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும், ஈரத்தில் ஓட்டி வந்து அப்படியே நிறுத்திவைத்ததால் செயின் துருப்பிடித்திருப்பது உண்டு. வாங்கிய பிறகு ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்திய நிலையில், செயின் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் இட்டுவிடுங்கள். அப்போது எண்ணெய் இணைப்புகளுக்குள் நன்றாக இறங்கும். அடுத்த வாரம் கிளம்புவதற்குள் படிந்து நிற்கவும் அதற்கு நேரம் கிடைக்கும்.